அந்தியை எழுதப் பழகினோம்

முல்லைத்திணையை நடத்தும் தமிழாசிரியர் எவரும் ஒருமுறையேனும் வகுப்பறைச் சாளரத்தைச் சுட்டிக்காட்டி மாலைப்பொழுதை விளக்கியிருப்பர். ஆயினும் அந்த வகுப்பு நடைபெறுவது பெரும்பாலும் முற்பகல் பதினொரு மணிக்கு. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே நாம் அந்தியைப் பேசிக்கொண்டிருப்போம். பதினேழு ஆண்டுகள் நாமும் இவ்வாறே பேசினோம். மாணவரும் குறிப்பெடுத்துக்கொண்டனர். தேர்வில் எழுதினர். மதிப்பெண்ணும் பெற்றனர். எவருக்கும் குறையில்லை.

ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயில்பவர். முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். "ஐயா, ஞாயிறு மறையும்போது வானம் முழுதும் சிவந்துவிடும் என்கிறீர்கள். எங்கள் ஊரில் மறையும்போது மஞ்சளாகத்தான் இருக்கும். மறைந்த பிறகுதான் சிவக்கும். நான் பார்ப்பது தவறா?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். செக்கர் என்னும் சொல்லுக்கு விளக்கம் தந்து, கவிஞர் கண்ட வானம் வேறு, நாம் காணும் வானம் வேறு என்று ஏதோ கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். அந்த மாணவி அமர்ந்தார். அவ்வாண்டு முழுவதும் மீண்டும் எழுந்து வினவவில்லை.

அதுவே நம்மை உறுத்தியது. ஏனெனில் அவர் வினாவிற்கு நமக்கு விடை தெரியாது. அந்தி, செக்கர், மருள்மாலை, படுஞாயிறு, எற்பாடு எனச் சொற்கள் எத்தனை வேண்டுமாயினும் நம்மிடம் இருந்தன. எல் என்றால் ஒளி, பாடு என்றால் வீழ்ச்சி எனப் பிரித்துக் காட்டவும் தெரியும். ஆனால் அந்த ஒளி எந்த நிறத்தில் வீழ்கிறது என்று ஒருநாளேனும் நின்று நோக்கியதில்லை. கண்ணால் காண வேண்டியதைக் காதால் கேட்டு, வாயால் விற்றுவந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தேறி அந்த மாணவியின் ஊருக்கே சென்றோம். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடத்தை அடுத்துள்ளது வரதராஜன்பேட்டை. செம்மண் நிலம்; கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் முந்திரி. போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த அம்மரம், இம்மண்ணிலேயே பிறந்தது போலத் தாழ்ந்து படர்ந்து நிற்கிறது. தை, மாசியில் பூத்துப் பங்குனி, சித்திரையில் பழுக்கும்போது தோப்பெங்கும் ஒரு புளித்த மணம். ஊர் நடுவே அலங்கார அன்னை ஆலயம். ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற கிறித்தவப் பெரியவர் ஒருவர் அவ்வூரில் வாழ்கிறார் என்பதை நண்பர் வாயிலாக அறிந்திருந்தோம். அவரிடம் சென்று மாணவியின் வினாவைச் சொன்னோம். அவர் சற்றே சிரித்து, "இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது சார். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்" என்றார்.

எழுதுதல் என்னும் சொல்லைப் பழந்தமிழர் ஓவியத்திற்கும் ஆண்டனர். ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்றனர். இதையெல்லாம் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! அந்தப் பெரியவரோ எந்த உரையும் படியாமல் அச்சொல்லை அதன் பழம்பொருளிலேயே இயல்பாக ஆண்டார். அன்றே அவரிடம் மாணவராகச் சேர்ந்தோம். அகவை நாற்பதைக் கடந்த பின் தூரிகை பிடிக்கும் கை எத்துணை நடுங்கும் என்பதும் அன்றே தெரிந்தது.

ஆயினும் உள்ளத்தில் வேறொரு நடுக்கமும் இருந்தது. நம் தந்தையார் முப்பத்தாறு ஆண்டுகள் ஊர்ப் பள்ளிவாசலில் மோதினாராகப் பணி செய்தவர். உருவம் வரைதலை அவர் விரும்பமாட்டார். சிறு வயதில் பலகையில் கிளி ஒன்று வரைந்ததற்கு அவர் முகம் வாடியதை நாம் மறக்கவில்லை. மார்க்க நூல்களைப் புரட்டினோம். படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டதும், அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைக்க வந்தவர் முகம் வெளிறியதும், அதுகண்டு, வரைந்தே தீரவேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் கூறியதும் புகாரி நபிமொழித் தொகுப்பில் காணப்படுகின்றன. மரமும் மண்ணும் வானமும் போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். தேற்றிக்கொண்டோமே தவிர, தந்தையாரிடம் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் எங்குச் செல்கிறாய் என்று அவர் கேட்டபோது, "ஒரு பெரியவரிடம் பாடம் கேட்கச் செல்கிறேன்" என்றோம். அது பொய்யன்று; முழு மெய்யுமன்று.

முதல் நாள் பாடம் தூரிகையில் தொடங்கியது. எண்ணெய் வண்ணத்திற்குரிய முரட்டுத் தூரிகைகள் பல பன்றி மயிரால் ஆனவை. நாம் கேட்பதற்கு முன்பே பெரியவர் தம் தூரிகைகளை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, "இவை உங்களுக்கு வேண்டாம். நைலான் தூரிகை கிடைக்கிறது, வாங்கி வாருங்கள். அதுவரை கரித்துண்டால் கோடு பழகுங்கள்" என்றார். பிறர் மனம் நோவாமை எனும் பண்பை எந்த அறநூலும் இதைவிடச் சுருங்கச் சொன்னதில்லை.

எண்ணெய் வண்ணத்தின் தன்மையை அவர் விளக்கிய விதம் இன்றும் நினைவில் உள்ளது. நீர் வண்ணம் நீர் ஆவியாகி உலர்கிறது. எண்ணெய் வண்ணம் அவ்வாறு உலர்வதில்லை. நிறப்பொடியோடு குழைத்த ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. தேங்காயெண்ணெய் எத்தனை நாள் கிடந்தாலும் இப்படி இறுகாது. ஆளிவிதை எண்ணெயின் சிறப்பு அதுவே. மேற்பரப்பு தொடத்தக்கவாறு உலரவே சில நாள்கள் ஆகும். ஆகவே முதல் அடுக்கில் டர்பன்டைன் கலந்து எண்ணெயைக் குறைக்க வேண்டும். மேலே செல்லச் செல்ல எண்ணெய் மிகவேண்டும். மாற்றிச் செய்தால் மேலடுக்கு முந்தி இறுக, கீழடுக்கு பின்னர் அசைய, படம் வெடித்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி வெளிப்படுத்திய சோழர் சுவரோவியங்களை எழுதியவர்கள் சுதையின் ஈரம் காயுமுன் விரைந்தாக வேண்டியிருந்தது. எண்ணெய் வண்ணமோ காத்திருக்கும். பிழை திருத்த இடந்தரும். "உங்களைப் போன்ற காலந்தாழ்ந்த மாணவருக்கு ஏற்றது இதுதான்" என்று பெரியவர் நகைத்தார்.

இவ்வளவையும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னபோது இரவிவர்மாவின் வரலாறு நினைவிற்கு வந்தது. 1862-இல் சிறுவனாகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த இரவிவர்மாவிற்கு எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்பிக்க, அதனை அறிந்திருந்த மதுரை ஓவியர் இராமசாமி நாயக்கர் இசையவில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து சிறிது சிறிதாகக் கற்பித்தார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் எழுதுவதை அருகிலிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார். ஒருவர் மறைத்தார், ஒருவர் மறைந்து வந்து கற்பித்தார். அந்த ஆறுமுகம் பிள்ளையை ஆசிரியர் குலம் மறக்கலாகாது.

மூன்றாம் வாரத்தில் வானம் எழுதத் தொடங்கினோம். அடிவானில் காட்மியம் மஞ்சள். உச்சியில் அல்ட்ராமரின் நீலம். இரண்டையும் நடுவில் இழைத்துக் கூட்டியதும் வானம் பச்சையாயிற்று. பாசி படிந்த குளம் போன்ற பச்சை! துடைத்தோம், மீண்டும் எழுதினோம், மீண்டும் பச்சை. பெரியவர் அருகில் வந்து, "மஞ்சளும் நீலமும் நேரே சந்திக்கக் கூடாது சார். இடையில் ஒருவர் வேண்டும்" என்றார். வெள்ளையில் ஒரு துளி சிவப்பும் ஒரு துளி மஞ்சளும் கலந்து, முந்திரிப் பழத்தின் காம்போரம் தோன்றுமே அந்த வெளிர்நிறத்தை உருவாக்கி நடுவே தடவினார். ஒவ்வொரு நிறத்திற்கும் தூரிகையைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் அந்த வெளிர்நிறத்தில் கரைந்தது. வெளிர்நிறம் சாம்பல் படிந்து நீலத்தில் கரைந்தது. வானம் வானமாயிற்று.

அடுத்த தவறு இதனினும் பெரிது. அடிவானில் ஒரு சிவந்த வட்டம் இட்டு, அதைச் சூழ வானமெங்கும் சிவப்பை அள்ளிப் பூசினோம். பெரியவர் நெடுநேரம் பார்த்தார். "நீங்கள் வானத்தை எழுதவில்லை, செக்கர் என்ற சொல்லை எழுதியிருக்கிறீர்கள்" என்றார். அன்று மாலை நம்மைத் தோப்பின் ஓரத்தில் நிறுத்தி, "கையில் தூரிகை வேண்டாம். பாருங்கள்" என்றார். பார்த்தோம். ஞாயிற்றின் விளிம்பு அடிவானைத் தொட்டது முதல் முழுதும் மறையும்வரை இரண்டு நிமிடத்திற்குச் சற்றே மிகுதி. அவ்வேளையில் வானம் மஞ்சளாகத்தான் இருந்தது. மறைந்து சில நிமிடங்கள் சென்றபின், மேலே சிதறிக் கிடந்த மேகத்துணுக்குகளின் அடிப்புறம் ஒவ்வொன்றாகச் சிவந்தது. அந்த மாணவி கண்டது முற்றிலும் மெய். தவறு நம்முடையது.

வீடு திரும்பி அறிவியல் நூல்களைப் புரட்டினோம். அலைநீளம் குறைந்த நீல ஒளியைக் காற்றின் நுண்துகள்கள் மிகுதியாகச் சிதறடிக்கின்றன. சிவப்பை அவ்வளவு சிதறடிப்பதில்லை. இதனை 1871-இல் விளக்கியவர் ராலே பிரபு. மறையும் வேளையில் கதிர்கள், உச்சிப்பொழுதைப் போல முப்பது மடங்கிற்கும் மிகுதியான காற்றைக் கடந்து வருவதால், நீலம் வழியிலேயே சிதறிப்போகச் சிவப்பும் மஞ்சளும் எஞ்சுகின்றன. ஞாயிறு அடிவானுக்குக் கீழே இறங்கியபின் அதன் கதிர் இன்னும் நெடுவழி கடந்து, மேகத்தின் அடிப்புறத்தைத் தொடுகிறது. ஆகவேதான் பின்னர் சிவக்கிறது. நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921-இல் கப்பற்பயணத்தின்போது கடலின் நீலத்தை நோக்கி எழுப்பிய வினா, ஒளிச்சிதறல் ஆய்வாய் வளர்ந்து 1930-இல் நோபல் பரிசில் முடிந்தது. அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பாஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைஸம், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் செல்வதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என நிறுவினார். இவர்களெல்லாம் எளிய வினாவை எளிதென்று தள்ளாதவர்கள். நம் வகுப்பில் எழுந்த எளிய வினாவையோ நாம் சிரித்துத் தள்ளினோம்.

தோப்பில் கழிந்த அந்த மாலைகளில் மற்றொரு பேறும் வாய்த்தது. அந்தி சாயும் நேரம் ஆலயமணி ஒலிக்கும். பெரியவர் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து, தலைகுனிந்து மூவேளைச் செபம் சொல்வார். நாம் சற்றுத் தள்ளிச் சென்று, குடத்து நீரில் ஒளூச் செய்து, முந்திரிச் சருகின் மேல் துண்டை விரித்து மஃரிப் தொழுவோம். ஓவியனுக்கு வானம் மிகச் சிறந்து விளங்கும் நேரமும் அதுவே. வானத்தைப் படைத்தவனுக்குரிய நேரமும் அதுவே. தூரிகையை வைத்துவிட்டுச் செல்வதில் முதலில் சிறிது வருத்தம் இருந்ததை மறைக்கமாட்டோம். பின்னர் தெளிந்தோம்: வானத்தைக் கையகப்படுத்த எண்ணுபவன் அந்நேரத்தில் கையைக் கட்டி நிற்பதும் ஒரு பாடமே. பெரியவர் தம் வீட்டுச் சுவரில் ஓர் அச்சுப்படம் மாட்டியிருந்தார். பிரான்சு நாட்டு ஓவியர் மிலே 1857 முதல் 1859 வரை எழுதிய படம் அது. உருளைக்கிழங்கு வயலில் உழைத்துக்கொண்டிருந்த இருவர், அந்தி மணி கேட்டுக் கருவிகளை விட்டுத் தலைகுனிந்து நிற்கின்றனர். அடிவானில் வெளிர்மஞ்சள் ஒளி. சிவப்பு மிகச் சிறிதே.

நான்கு திங்கள் சென்றபின் ஒரு படம் ஒருவாறு நிறைவுற்றது. முந்திரித் தோப்பு, ஊடே செம்மண் தடம், மேற்கே மங்கும் மஞ்சள். தோப்பின் இருளைக் கறுப்பால் எழுதவில்லை. அல்ட்ராமரினும் சுட்ட காவியும் கலந்த இருள் அது. அதில் மனிதர் இல்லை, ஆநிரையும் இல்லை, மந்தை கடந்து சென்ற புழுதி மட்டும் உண்டு. துணியில் சுற்றி வீட்டிற்குக் கொண்டுவந்து அலமாரியின் பின்னே மறைத்து வைத்தோம். டர்பன்டைன் மணம் மறையவில்லை.

தந்தையார் அழைத்தார். உண்மை முழுவதையும் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர் முதலில் கேட்டது படத்தைப் பற்றியன்று. "அங்கே மஃரிப் எப்படி, தம்பி?" என்றார். தோப்பிலேயே தொழுததைச் சொன்னோம். "ஜமாஅத் இல்லாமலா?" என்றார். தலைகுனிந்தோம். "நான் வேண்டாம் என்பேன் என்றுதானே மறைத்தாய்? மறைத்ததுதான் எனக்கு வருத்தம். கொண்டுவா, பார்க்கிறேன்" என்றார்.

இரு கண்ணிலும் புரை மூடியிருந்த காலம் அது. படத்தை முகத்தருகே வைத்துப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது. மஞ்சள் சரி" என்றார். மரத்தைத் தவிர வேறு உயிருருவம் இல்லை என்பதை விரலால் தடவாத குறையாய்த் தேடிப் பார்த்துக்கொண்டார். மூன்று திங்களில் அறுவை மருத்துவம் நடந்தது. கட்டவிழ்த்த சில நாள்களில் அவரே, "அந்தப் படத்தை எடு" என்றார். பார்த்தவர் திகைத்தார். "இவ்வளவு நீலமா இதில்?" என்றார். புரை படிந்த கண்வில்லை மஞ்சள் கண்ணாடி போன்றது, நீலத்தைத் தடுத்துவிடும். 1923-இல் புரை நீக்கப்பெற்ற ஓவியர் மோனேயும் நிற வேறுபாட்டால் திகைத்தவரே. ஆகவே தந்தையார் முன்பு பார்த்தது வேறு படம். இப்போது பார்ப்பது வேறு படம். படமோ ஒன்றுதான்.

அதன் பின்னர் அவர் கூறியதுதான் நாம் பெற்ற பாடங்களில் முதன்மையானது. "மேற்கை மட்டும் எழுதியிருக்கிறாய். கிழக்கைப் பார்த்தாயா?" என்றார். நமக்கு விளங்கவில்லை. மாடிக்கு அழைத்துச் சென்றார். கதிர் மறைந்த வேளை. மேற்கே அனைவரும் காணும் காட்சி. அவரோ நம் தோளைப் பற்றிக் கிழக்கே திருப்பினார். அடிவானில் சாம்பல் கலந்த நீலப்பட்டை ஒன்று கோடிட்டாற்போல் எழுந்துகொண்டிருந்தது. அதன் மேலே இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று. "கடிகாரம் பழுதாகும். மேற்கே மேகம் மறைக்கும். கிழக்கே இருள் எழுவதைப் பார்த்துத்தான் நான் நோன்பு திறக்க பாங்கு சொன்ன நாளும் உண்டு" என்றார். கிழக்கிலிருந்து இருள் எழுந்து, மேற்கே பகல் அகன்று, கதிரவனும் மறைந்தால் நோன்பு துறக்கும் வேளை என்னும் நபிமொழியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த இருள் கண்ணால் காணத்தக்க ஒரு பொருள் என்று அன்றுதான் அறிந்தோம். பின்னர் படித்தபோது, அந்த நீலப்பட்டை காற்றுமண்டலத்தின் மீது விழும் இப்பூமியின் நிழலே என்பது தெரியவந்தது. தந்தையார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். செம்மை மறைந்தபின் அடிவானில் தங்கும் வெண்மையும் நீங்கும்வரை காத்திருந்து இஷாவிற்குப் பாங்கு சொன்னவர். ஹனஃபி மத்ஹபைத் தழுவிய நம் ஊரார்க்கு அதுவே வழக்கம். ஆண்டிற்கு முந்நூற்று அறுபத்தைந்து அந்திகளை, வண்ணமும் தூரிகையும் இன்றியே பார்த்திருக்கிறார். அவரிடம் மறைத்துவிட்டு, அறுபது கல் தொலைவிற்கு அந்தியைத் தேடிச் சென்றிருக்கிறோம்!

அந்த மாணவியின் மூன்றாம் ஆண்டு இறுதி வகுப்பிற்குப் படத்தை எடுத்துச் சென்றோம். மேசைமேல் நிறுத்தி, "முதலாண்டில் நீங்கள் கேட்ட வினாவிற்கு விடை இது. நீங்கள் பார்த்ததே சரி. அன்று நான் சிரித்தது தவறு" என்றோம். வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து, "ஐயா, எங்கள் தோப்பில் கொட்டை பொறுக்கிவிட்டு அம்மா வரும் தடம் இது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முந்திரிக்கொட்டையின் தோலிலுள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கும். அவ்வெண்ணெயே பெயிண்ட், வார்னிஷ் தொழில்களுக்கும் மூலப்பொருளாகிறது. வண்ணம் ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவரின் கை இருக்கிறது என்பதை அன்று எண்ணிக்கொண்டோம்.

உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடியபோது தமிழ்நிலத்தின் ஐந்திணை வளத்தையே அங்குக் கண்டார். தம் கண்ணறிந்த நிலத்தின் வழியே காணாத நிலத்தைக் கண்டது அது. நாமோ கண்முன் உள்ள நிலத்தையும் பிறர் சொல்லின் வழியே கண்டோம். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஓவியர் ஆதிமூலம், கோட்டோவியங்களால் பெரும்புகழ் பெற்றபின்னும், கோட்டை விடுத்து எண்ணெய் வண்ணத்தில் நிலத்தின் நிறங்களை மட்டும் தேடிச் சென்றார். தெரிந்ததை ஒருபுறம் வைத்துவிட்டு மீண்டும் பார்க்கத் தொடங்கும் துணிவு, ஓவியருக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் வேண்டும்.

இப்போது கிழக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். மேற்கைவிட இது கடினம். நீலமும் அன்று, சாம்பலும் அன்று. அந்நிறத்திற்கு நம் அகராதியில் பெயரில்லை. தந்தையார் அவ்வப்போது வந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் மங்க வேண்டும்" என்கிறார். பாங்கொலி கேட்டதும் இருவரும் பள்ளிவாசலுக்குப் புறப்படுகிறோம். தூரிகையை டர்பன்டைனில் நனைத்துவைத்துவிட்டுச் செல்வது இப்போது வருத்தம் தருவதில்லை.

மாணவச் செல்வங்களே! முல்லைக்கு மாலை என்று தேர்வில் எழுதுங்கள்; அதில் தவறில்லை. எழுதுவதற்கு முன் ஒருநாள் மாடிக்குச் சென்று மேற்கைப் பாருங்கள். பின்பு திரும்பிக் கிழக்கையும் பாருங்கள். அருகில் முதியவர் எவரேனும் இருந்தால் அவரையும் கேளுங்கள். காணும் கண்ணையும், கண்டதைக் கூசாது கேட்கும் நாவையும், கேட்டவரை நோக்கிச் சிரிக்காத நெஞ்சையும் இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.